பத்து என்றால் பத்து

ஜெகதளா
5 ஜனவரி 2025, ஞாயிறு

அன்புள்ள இந்து,

நான் நலம். நீயும் உன் ஸ்கூல் சிக் ரூமில் படுத்திருக்கும் பிள்ளைகளும் நலமாக இருக்க வேண்டும். ஊட்டியில் காலையில் புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்து கிடக்கிறது என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். ஸ்கூல் குவார்ட்டர்ஸில் சுடுதண்ணீர் வருகிறதா? போன வருஷம் போலக் கையில் வெடிப்பு வராமல் எண்ணெய் தடவிக்கொள்.

ஒரு மணி நேர பஸ் தூரத்தில் இருந்துகொண்டு கடிதம் போடுகிறானே இந்த மனுஷன் என்று சிரிப்பாய். காரணம் சொல்கிறேன். புது வருஷத்திலிருந்து ஃபோனை அணைத்து அரிசி டப்பாவுக்குள் வைத்துவிட்டேன். சாயங்காலம் ஐந்தரைக்கு எடுப்பேன். சிக்னல் கிடைக்கும் ரோட்டு வளைவு வரை நடந்து அன்றைய எபிசோடை அனுப்புவேன். திரும்பி வந்து மறுபடி அரிசிக்குள் போட்டுவிடுவேன். ஃபோன் ஒரு தடவை அடித்தால் எனக்கு அரை நாள் போய்விடுகிறது. அதனால் எதுவாக இருந்தாலும் கடிதம் எழுது. தபால்காரர் மோசஸ் பதினொரு மணிக்கு வருகிறார். உன் கையெழுத்தைப் பார்த்தும் வெகுநாளாகிறது.

வெலிங்டன் ஆபீஸ் குமாஸ்தா வேலையை விட்டு இந்த மாதத்தோடு நான்கு வருஷம். வேலையில் இருந்தபோது விடிகாலை நான்கரையிலிருந்து ஆறரை வரை உட்கார்ந்து மூன்று நாவல் முடித்தேன். இப்போது நாள் முழுவதும் என்னுடையது, ஒன்றும் முடியவில்லை. இதை உன்னிடம் மட்டும்தான் ஒப்புக்கொள்கிறேன். ஆடியோ ஆப்புக்குத் தினம் ஒரு தொடர்கதை எபிசோட், மாலை ஆறு மணிக்குள்; அனுப்பியதும் மெஷின் குரல் அதை வாசித்துவிடும். குன்னூர் தேயிலை வியாபாரி ஒருவரின் வாழ்க்கை வரலாறு, அவரே எழுதியது போல நான் எழுதிக் கொடுப்பது. ஒரு கோயிலுக்குக் கும்பாபிஷேக மலர். இத்தனைக்கும் அடியில் பதினொரு வருஷமாக என் சொந்த நாவல் கிடக்கிறது. அதை முடிக்கத்தானே போன ஜூனில் உன்னிடம் ஒரு வருஷத் தனிமை கேட்டு வாங்கினேன், நீயும் ஒற்றை அறைக் குவார்ட்டர்ஸுக்குப் போனாய்.

அதனால் ஒரு புது முறை. என் அம்மா தேயிலைக் கொழுந்து எடுத்த காலத்தில், நாள் எடை வந்தால் கங்காணி முழு நாள் கூலிக்கு முழுப் பேர் போடுவார், குறைந்தால் அரைப் பேர். சிலோன் தோட்டத்திலும் அப்படித்தான், இங்கே வந்த பிறகும் அப்படித்தான். எனக்கு நானே இப்போது கங்காணி. ஆயிரம் வார்த்தை எழுதினால் காலண்டரில் அந்தத் தேதியின் கட்டத்தில் முழுப் பேர், ஐந்நூறு என்றால் அரைப் பேர். இதுவரை நான்கு முழு, ஒன்று அரை. அந்த அரை நாளில் ரோட்டு வளைவில் காட்டெருமை படுத்துக்கொண்டு எழுந்திருக்க மறுத்துவிட்டது. ஆப்பில் என்னைக் கவனிக்கும் அலீனா என்கிற பெண், “சார், லேட்டானதுக்கு எருமைன்னு காரணம் எழுதினா எங்க ஆபீஸ்ல யாரு சார் நம்புவாங்க” என்று கேட்டாள்.

உன்,
ஜீவா


ஊட்டி
10 ஜனவரி 2025

அன்புள்ள எழுத்தாளருக்கு,

கடிதம் வந்தது. வாட்ச்மேன் கொண்டுவந்து நீட்டியபோது ஏதோ கோர்ட்டு நோட்டீஸ் என்று பயந்துவிட்டேன். இந்தக் காலத்தில் நல்ல சேதியை யார் தபாலில் அனுப்புகிறார்கள்?

சுடுதண்ணீர் வருகிறது. கை வெடித்துவிட்டது. எண்ணெய் தடவுகிறேன்.

காட்டெருமையை நானும் நம்பவில்லை. நம்பாததற்கு என்னிடம் இருபத்தொரு வருஷக் காரணம் இருக்கிறது. சுவர்க் கடிகாரத்தை இன்னும் இருபது நிமிஷம் வேகமாகத்தான் வைத்திருக்கிறீர்களா? உங்களை எட்டு மணி பஸ்ஸில் ஏற்றுவதற்காக நான் வைத்தது. ஒரு வாரம் பலித்தது. அப்புறம் நீங்கள் அதைப் பார்க்கும்போதே மனதுக்குள் இருபதைக் கழிக்கப் பழகிக்கொண்டீர்கள். என் அண்ணன் மகள் கலைமதி கல்யாணத்துக்கு முகூர்த்தம் ஆறு மணி. உங்களிடம் நாலரை என்று சொன்னேன். ஆறு அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது வேட்டியைப் பிடித்துக்கொண்டு வந்து, “பாத்தியா, கரெக்டா வந்துட்டேன்” என்றீர்கள். என் அண்ணனுக்கு அன்றைக்கு வந்த சிரிப்பு இன்னும் அடங்கவில்லை.

உங்கள் எபிசோடைத் தினமும் கேட்கிறேன். ஆறு மணி மாத்திரை கொடுக்கும் நேரம் அதுதான். கோகிலவாணிக்கு எப்போதுதான் கல்யாணம் நடக்கும்? தொண்ணூறு எபிசோடாக அந்தப் பெண் பட்டுப்புடவையோடு நிற்கிறாள், கால் வலிக்காதா?

இருபத்தாறாம் தேதி ஞாயிற்றுக்கிழமை. கொடி ஏற்றி முடிந்ததும் எனக்கு லீவு. பன்னிரண்டு மணிக்குச் சாப்பிட வாருங்கள். வெறுமனே சாப்பிட்டுவிட்டுப் போங்கள், வேறொன்றும் இல்லை.

இந்துமதி


ஜெகதளா
29 ஜனவரி 2025

அன்புள்ள இந்து,

ஞாயிறு வர முடியவில்லை. கோபித்துக்கொள்ளாதே. சனிக்கிழமை சாயங்காலம் தேயிலை வியாபாரி ஆள் அனுப்பிவிட்டார். அவருடைய இளமைக் காலம் முப்பது பக்கம் வேண்டுமாம், அதில் அவர் பட்டினி கிடந்தது வர வேண்டுமாம். விசாரித்தால் அவர் ஒரு வேளை கூடப் பட்டினி கிடந்ததில்லை. உட்கார்ந்து பட்டினியை எழுதிக்கொண்டிருந்தேன், நீ வைத்த சாப்பாடு அங்கே ஆறியது.

சாயங்காலம் ஐந்தரைக்கு ஃபோனை எடுத்தபோது நீ கூப்பிட்டிருந்தது தெரிந்தது. திருப்பிக் கூப்பிட நினைத்தேன், எபிசோட் ஏற்ற இருபது நிமிஷம் இருந்தது. அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நீ இருபத்தாறு என்று எழுதியதும் என் மனம் தானாக முப்பத்தொன்று என்று எடுத்துக்கொண்டது. இத்தனை வருஷத்தில் உன் கணக்கு எனக்குப் பாடம். நீ மணி சொன்னால் ஒன்றரை மணி கூட்ட வேண்டும், தேதி சொன்னால் ஐந்து நாள். கேஸ் புக்கிங், ஆஸ்பத்திரி, உன் தங்கை வீட்டு விசேஷம் எல்லாம் அப்படித்தான் ஓடியது, எதுவும் கெட்டுப்போகவில்லை. நீ மட்டும் இல்லை. அலீனா ஆறு மணி என்கிறாள், ஏழரை வரை கதவு திறந்திருக்கும். வியாபாரி பிப்ரவரி என்கிறார், அச்சகம் ஏப்ரலில்தான் கேட்கும். தேதி சொல்கிறவர்கள் குறைத்துச் சொல்கிறார்கள், எழுதுகிறவன் கூட்டிக்கொள்கிறான். இந்தத் தொழிலே இப்படித்தான் நடக்கிறது.

இந்த மாதம் இருபத்திரண்டு முழுப் பேர். நாவலில் ஒரு பக்கம் கூட இல்லை. ஆயிரம் வார்த்தையும் கோகிலவாணி வாங்கிக்கொள்கிறாள். சில நாள் சாயங்காலம் ரோட்டு வளைவிலிருந்து திரும்பும்போது, குமாஸ்தாவாகவே இருந்திருக்கலாமோ என்று தோன்றுகிறது. வீட்டில் நீயாவது இருந்திருப்பாய்.

உன்,
ஜீவா


ஊட்டி
6 பிப்ரவரி 2025

என்னங்க,

இருபத்தாறாம் தேதி நான் எதையும் குறைத்துச் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்கு ஐந்து நாள் கூட்டினால் வெள்ளிக்கிழமை வருகிறது. வெள்ளிக்கிழமை யாராவது விருந்துக்குக் கூப்பிடுவார்களா, எனக்கு டியூட்டி இருக்கும் என்று தெரியாதா? மட்டன் வாங்கி வைத்திருந்தேன். மூன்று மணிக்கு வாட்ச்மேனைக் கூப்பிட்டுக் கொடுத்தேன். அவர் நன்றாக இருந்தது என்றார்.

ஹாஸ்டலில் அம்மை போட்டிருக்கிறது. ஒன்பது பிள்ளைகள் படுத்திருக்கிறார்கள், அதனால் இந்தக் கடிதத்தை நான்கு தடவை விட்டு விட்டு எழுதுகிறேன்.

ஒரு சேதி இருக்கிறது. எங்கள் டிரஸ்ட் டேராடூனில் புது ஸ்கூல் திறக்கிறது. சிக் ரூம் பொறுப்புக்கு என்னைக் கேட்கிறார்கள். மூன்று வருஷ ஒப்பந்தம். தனியாகப் போனால் ஸ்டாஃப் ஹாஸ்டலில் ஒரு கட்டில். குடும்பத்தோடு போனால் இரண்டு அறையும் முன்னால் ஒரு வராந்தாவும் உள்ள குவார்ட்டர்ஸ். அங்கேயும் குளிர்தான், புதிதாக ஸ்வெட்டர் வாங்க வேண்டாம். அங்கே உங்களை யாருக்கும் தெரியாது. பட்டினி எழுதச் சொல்லி ஆள் அனுப்ப மாட்டார்கள்.

நீங்கள் ஒரு வருஷம் தனியாக இருக்கக் கேட்டீர்கள், கொடுத்தேன். இப்போது நான் கேட்கிறேன். என்னோடு வருகிறீர்களா?

இன்னொன்று. உங்கள் கடிதத்தைப் படித்த பிறகு யோசித்தேன். உங்களைக் கெடுத்ததில் பாதி நான்தான். ஆறு மணியை நாலரை என்று சொல்லிச் சொல்லி, என் வார்த்தைக்கு மதிப்பில்லாமல் நானே செய்துகொண்டேன். இனி உங்களிடம் பொய்த் தேதி சொல்ல மாட்டேன். நான் எந்தத் தேதி சொல்கிறேனோ அதுதான் தேதி.

இந்து


ஜெகதளா
13 பிப்ரவரி 2025

அன்புள்ள இந்து,

வருகிறேன். வருகிறேன் என்று நூறு தடவை எழுதலாம், எழுதினால் இன்றைய ஆயிரத்தில் நூறு வந்துவிடும்.

உன் கடிதத்தை வாசல்படியிலேயே நின்று படித்தேன். “என்னங்க சார், நல்ல சேதியா” என்று மோசஸ் கேட்டார். தலையை ஆட்டினேன். எட்டு மாதமாக இந்த வீட்டில் நான் ஒருவன் மட்டும் சமைத்துச் சாப்பிட்டுக் கழுவிக்கொண்டிருக்கிறேன். தனியாக இருந்தால் எழுதலாம் என்று நினைத்தது எவ்வளவு பெரிய தப்பு தெரியுமா? அந்தக் காலத்தில் நீ அடுப்படியில் இருக்கும்போது, இவள் கூப்பிடுவதற்குள் இந்தப் பக்கத்தை முடிக்க வேண்டும் என்று எழுதுவேன். இப்போது கூப்பிட ஆள் இல்லை, பக்கமும் முடிவதில்லை.

இரண்டு அறையில் ஒன்று உனக்கு. எனக்கு அந்த வராந்தா போதும், மேஜையை அங்கே போட்டுக்கொள்கிறேன். ஆப் வேலையை மார்ச்சோடு விட்டுவிடுகிறேன். வியாபாரிக்கு எழுதிக் கொடுத்துக் கும்பிட்டுவிடுகிறேன். காலையில் நீ டியூட்டிக்குப் போகும்வரை நாவல், அவ்வளவுதான். பழையபடி இரண்டு மணி நேரம். எனக்கு அதற்கு மேல் ஒரு நாளும் தேவைப்பட்டதில்லை என்று இப்போதுதான் தெரிகிறது.

என்ன செய்ய வேண்டும், எங்கே வர வேண்டும், எழுது.

என்றும் உன்,
ஜீவா


ஊட்டி
27 பிப்ரவரி 2025

என்னங்க,

உங்கள் கடிதத்தைத் தலையணை உறைக்குள் வைத்திருக்கிறேன். இந்த வயதில் இப்படியெல்லாம் செய்வேன் என்று நினைக்கவில்லை.

விவரம் வந்துவிட்டது. மார்ச் 10, திங்கட்கிழமை, மாலை ஐந்து மணி. எங்கள் ஆபீஸில் ஜெஸிந்தா மேடம் முன்னால் நாம் இரண்டு பேரும் நேரில் கையெழுத்துப் போட வேண்டும். உங்கள் ஆதார் அட்டை, பாஸ்போர்ட் சைஸ் போட்டோ இரண்டு. ஐந்து மணிக்கு எல்லார் ஃபாரத்தையும் சேர்த்து டேராடூனுக்கு அனுப்பிவிடுவார்கள். உங்கள் கையெழுத்து இல்லையென்றால் என் பெயருக்கு எதிரே ‘தனியாக’ என்று போய்விடும். குடும்பக் குவார்ட்டர்ஸ் ஒன்றுதான் மீதி. விளையாட்டு மாஸ்டர் ஷிஜோவும் அவர் மனைவியும் அதற்குக் காத்திருக்கிறார்கள்.

முன்பே எழுதினேன், மறுபடி எழுதுகிறேன். இது உண்மையான தேதி. பத்து என்றால் பத்து. ஐந்து என்றால் ஐந்து. இனி நினைவுபடுத்த மாட்டேன். இத்தனை வருஷம் நினைவுபடுத்தி நினைவுபடுத்தித்தான் நான் உங்கள் வீட்டுக் கடிகாரமாகிவிட்டேன். ஒரு தடவையாவது நீங்களாக வந்து நிற்க வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருக்கிறது.

நீல நிறச் சட்டை போட்டு வாருங்கள்.

இந்து


ஜெகதளா
7 மார்ச் 2025, வெள்ளி

அன்புள்ள இந்து,

‘பத்து என்றால் பத்து’ என்று படித்துவிட்டு வெகுநேரம் சிரித்துக்கொண்டிருந்தேன். கலைமதி கல்யாணத்துக்கு முந்தின நாள் நீ என்ன சொன்னாய், நினைவிருக்கிறதா? “சத்தியமா நாலரைங்க, எங்கண்ணன் மேல ஆணை.” உன் அண்ணன் இன்னும் நன்றாகத்தான் இருக்கிறார். பொய்த் தேதியே சொல்ல மாட்டேன் என்று முதலில் ஒரு கடிதம் போட்டு, அப்புறம் தேதி சொல்கிறாய் பார், இருபத்தொரு வருஷத்தில் நீ கண்டுபிடித்ததிலேயே இதுதான் கெட்டிக்கார வழி. நான் அசந்துபோனேன்.

ஆக, பதினைந்து. ஆனால் பதினைந்து சனிக்கிழமை, ஆபீஸ் அரை நாள்தான் இருக்கும், அதனால் அசல் தேதி பதினான்கு என்று வைத்துக்கொள்கிறேன். நான் பதின்மூன்றாம் தேதி வியாழக்கிழமையே வந்து நிற்பேன். கெடுவுக்கு ஒரு நாள் முன்பாகவே. கல்யாணமானதிலிருந்து முதல் தடவையாக நீ என்னைப் பார்த்து ஆச்சரியப்படப் போகிறாய், அந்த முகத்தைப் பார்க்க வேண்டும் எனக்கு.

அதற்கு முன்னால் நகர முடியாது. திங்கட்கிழமை கோகிலவாணி கல்யாண எபிசோட். ஒரு வருஷமாகக் கேட்பவர்கள் காத்திருப்பது அதற்குத்தான். ஒரு நிமிஷம் பிந்தக்கூடாது என்று அலீனா மூன்று தடவை சொல்லிவிட்டாள், அவள் குரலைப் பார்த்தால் இந்தத் தடவை ஆறு என்பது ஆறுதான். செவ்வாய், புதன் வியாபாரியின் கடைசி அத்தியாயம். புதன் சாயங்காலத்தோடு என் தலையில் ஒரு பாரமும் இருக்காது.

குன்னூர் போய்ப் போட்டோ எடுத்துவிட்டேன். சட்டையை இஸ்திரி போட்டு மாட்டியிருக்கிறேன்.

உன்,
ஜீவா


ஊட்டி
11 மார்ச் 2025, செவ்வாய்

என்னங்க,

உங்கள் கடிதம் இன்று மத்தியானம் வந்தது. ஒரு நாள் முன்பாகவே வருகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள்.

நேற்று நடந்ததைச் சொல்கிறேன். காலையிலேயே லீவு சொல்லிவிட்டேன். பதினொரு மணியிலிருந்து கேட் பக்கம் இருந்தேன். இரண்டு மணிக்கு உங்களுக்கு ஃபோன் செய்தேன், அணைத்திருந்தது. நினைவுபடுத்த மாட்டேன் என்று சொன்னவள் நான், அதையும் மீறிச் செய்தேன். மூன்றரைக்கு மறுபடி செய்தேன். ஒரு ஜீப் பிடித்து நானே ஜெகதளா வரலாமா என்றும் நினைத்தேன். போய்த் திரும்ப இரண்டு மணி நேரமாவது ஆகும், அதற்குள் ஐந்து தாண்டிவிடும் என்று நின்றுவிட்டேன்.

ஜெஸிந்தா மேடம் நல்ல மனுஷி. ஐந்தே கால் வரை அனுப்பாமல் வைத்திருந்தார். அப்புறம், “இந்துமதி, நான் என்னங்க பண்றது, அங்கிருந்து கேட்டுட்டே இருக்காங்க” என்றார். அனுப்புங்கள் என்றேன். ‘தனியாக’ என்ற இடத்தில் நானே டிக் போட்டுக் கொடுத்தேன். அவர் போட வேண்டாம் என்று தோன்றியது. குவார்ட்டர்ஸ் ஷிஜோவுக்குப் போய்விட்டது. அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள், நன்றி சொன்னாள்.

ஆறு மணிக்கு உங்கள் எபிசோட் சரியாக வந்தது. லீவு போட்டிருந்தும் சிக் ரூமுக்குப் போய், மாத்திரை கொடுத்துக்கொண்டே கேட்டேன். கோகிலவாணி ரிஜிஸ்தர் ஆபீஸ் வாசலில் நிற்கிறாள், ஆபீஸைப் பூட்டப் போகிறார்கள், அவன் மழையில் ஓடி வந்து படியேறிவிடுகிறான். நன்றாக எழுதியிருந்தீர்கள். எனக்கு அழுகை வந்தது. பிள்ளைகள் கதைக்காக அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள்.

உங்கள் மேல் கோபம் இல்லை என்று எழுதப் பார்த்தேன். இருக்கிறது. நிறைய இருக்கிறது.

இந்துமதி


ஜெகதளா
14 மார்ச் 2025

இந்து,

நேற்று நான் உன் சிக் ரூம் வாசலில் வந்து நின்றபோது எனக்கு ஒன்றும் தெரியாது. உன் கடிதம் இன்று பதினொரு மணிக்குத்தான் வந்தது. நீலச் சட்டையோடு, கையில் வர்க்கி பிஸ்கட் பொட்டலத்தோடு, இளித்துக்கொண்டு நின்றேன் பார், அதை நினைத்தால் உடம்பு கூசுகிறது. நீ திட்டியிருக்கலாம். நீ போட்டோவை வாங்கிப் பார்த்துவிட்டு, “நல்லா வந்திருக்குங்க” என்று திருப்பிக் கொடுத்தாய். அப்புறம் உட்காரச் சொல்லி டீ கொடுத்தாய். நான் டீயைக் குடித்து முடித்த பிறகுதான் விஷயத்தைச் சொன்னாய்.

இந்து, எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறேன். அலீனாவின் தேதியை நம்பினேன், உன் தேதியை நம்பவில்லை. திங்கட்கிழமை ஐந்தரைக்கு ஃபோனை எடுத்தபோது நீ கூப்பிட்டிருந்ததைப் பார்த்தும், நினைவுபடுத்த ஆரம்பித்துவிட்டாய் என்று சிரித்துக்கொண்டே எபிசோடை ஏற்றினேன். நீ இரண்டு கடிதத்தில் எழுதினாய், நான் அதை விளையாட்டு என்று எடுத்துக்கொண்டேன். உன்னை எனக்கு நன்றாகத் தெரியும் என்கிற திமிர்தான், வேறென்ன.

ஜெஸிந்தா மேடத்திடம் நான் வந்து பேசட்டுமா? இல்லையென்றால் டேராடூனில் வெளியே ஒரு அறை எடுத்துத் தங்கிக்கொள்கிறேன். வாரம் ஒரு நாள் நீ வந்து பார்த்தால் போதும். எந்தத் தேதி ரயில் என்று மட்டும் சொல். ஸ்டேஷனுக்கு முதல் நாளே வந்து படுத்துக்கொள்கிறேன்.

ஃபோனை அரிசி டப்பாவிலிருந்து எடுத்துவிட்டேன்.

ஜீவா


ஊட்டி
24 மார்ச் 2025

உங்களுக்கு,

பதில் எழுதப் பத்து நாள் ஆகிவிட்டது. நான்கு தடவை எழுதிக் கிழித்தேன். உங்கள் தொழில் கஷ்டமானதுதான்.

ஜெஸிந்தா மேடத்திடம் பேச வேண்டாம். முடிந்ததை அவரால் மாற்ற முடியாது. டேராடூனுக்கும் வர வேண்டாம். நீங்கள் அங்கே வந்து இறங்கினால் நான் மறுபடி ஆரம்பித்துவிடுவேன். ஞாயிறு வாருங்கள் என்பதைச் சனி என்று சொல்வேன், ஒரு மணியைப் பன்னிரண்டு என்பேன். நீங்கள் கூட்டுவீர்கள். என்னால் இன்னொரு தடவை கேட் பக்கம் நிற்க முடியாது. எனக்கு நாற்பத்தைந்து வயதாகிறது, கால் வலிக்கிறது.

உங்களுக்கு ஆசை இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். பதின்மூன்றாம் தேதி உங்கள் முகத்தைப் பார்த்தேன். நீங்கள் உண்மையாகவே வரத்தான் இருந்தீர்கள். அது தெரிந்ததால்தான் இன்னும் கஷ்டமாக இருக்கிறது. வர மனம் இல்லாதவர் என்றால் விட்டுத் தொலைத்திருப்பேன்.

எந்தத் தேதி ரயில் என்று சொல்லப்போவதில்லை. அண்ணனிடமும் சொல்லவில்லை. இந்தக் கடிதம் கைக்கு வரும்போது நான் கிளம்பியிருப்பேனா, இல்லையா என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்காதீர்கள்.

பீரோவின் மேல்தட்டில் உங்கள் கம்பளி இருக்கிறது. மழைக்கு முன்னால் ஒரு தடவை வெயிலில் போட்டு எடுங்கள். நாவலை முடியுங்கள். கெடு எதுவும் நான் சொல்லவில்லை.

இந்துமதி


ஜெகதளா
22 ஜூன் 2025, ஞாயிறு

அன்புள்ள இந்து,

இது உன் டேராடூன் ஸ்கூலுக்கு நான் போடும் நான்காவது கடிதம். முதல் மூன்றும் கிடைத்திருக்கும் என்று நம்புகிறேன், திரும்பி வரவில்லை. மோசஸ் இப்போதெல்லாம் என் வீட்டைத் தாண்டும்போது தலையைக் குனிந்துகொண்டு போகிறார். நேற்று மட்டும் நின்று, “ஒண்ணும் இல்லீங்க சார்” என்றார். நான் கேட்கவே இல்லை.

இங்கே விடாமல் மழை. கம்பளியை வெயிலில் போட மறந்துவிட்டேன். இப்போது வெயில் இல்லை.

கோகிலவாணி முடிந்துவிட்டது. கல்யாணம் ஆனதும் கேட்பவர்கள் குறைந்துவிட்டார்கள். பத்து எபிசோடில் முடித்துக்கொடுங்கள் என்றாள் அலீனா, கொடுத்தேன். வியாபாரியின் புத்தகமும் வந்தது, பட்டினி அத்தியாயத்தை எல்லாரும் பாராட்டுகிறார்களாம். அதோடு சரி. இப்போது என்னிடம் யாரும் எந்தத் தேதியும் கேட்பதில்லை. விடிகாலை நான்கரைக்கு எழுந்து மேஜையில் உட்காருகிறேன், ஆறரை ஆகிறது, ஏழரை ஆகிறது, கூப்பிட யாரும் இல்லாததால் உட்கார்ந்தே இருக்கிறேன். நாவல் அப்படியேதான் கிடக்கிறது. அது முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. உன்னிடம் குறைத்தும் கூட்டியும் சொல்லக்கூடாது என்று இருக்கிறேன், அதனால் சொல்கிறேன்.

சுவர்க் கடிகாரத்தைச் சரியான நேரத்துக்கு மாற்றிவிட்டேன். பழக்கம் விடவில்லை, பார்க்கும்போதே இருபதைக் கழித்துவிடுகிறேன். போன வாரம் குன்னூர் பஸ்ஸை அதனாலேயே இரண்டு தடவை விட்டேன்.

காலண்டரில் மார்ச் மாதத் தாளைக் கிழிக்கவில்லை. பத்தாம் தேதிக் கட்டத்தில் முழுப் பேர் என்று என் கையாலேயே போட்டிருக்கிறேன். பக்கத்தில் ஆயிரத்து நானூறு வார்த்தை என்று குறித்து, அடியில் கோடு வேறு போட்டிருக்கிறேன். இந்த வருஷத்திலேயே அதிகம் எழுதிய நாள் அதுதான். நீ கேட்டில் நின்ற நேரம் முழுவதும், அவனை மழையில் எப்படி ஓடவைப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

போன புதன்கிழமை ஊட்டிக்குப் போய் ஜெஸிந்தா மேடத்தைப் பார்த்தேன். பேச வேண்டாம் என்று நீ சொன்னது நினைவிருக்கிறது. எதையும் மாற்றச் சொல்லிக் கேட்கவில்லை, ஒப்பந்தம் எப்போது முடிகிறது என்று மட்டும் கேட்டேன். 2028 மார்ச் என்றார். முடிந்தால் நீ ஊட்டிக்குத் திரும்புவாயா என்று கேட்டேன். அது இந்துமதிதான் சொல்ல வேண்டும் என்றார்.

நீ மூன்று வருஷம் என்று எழுதியிருந்தாய். உன் வழக்கப்படி நான் கூட்டினால் அது எட்டாகும், பத்தாகும், திரும்பாமலே கூடப் போகும். நான் கூட்டவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக நீ சொன்ன தேதியை அப்படியே வைத்துக்கொண்டிருக்கிறேன்.

மூன்று என்றால் மூன்றுதானே, இந்து?

ஜீவா

பி.கு. ஃபோன் நாள் முழுவதும் ஆனில்தான் இருக்கிறது.